அறபுத் தமிழின் மூன்று குறிகள்

கணினிக்கான உலகப் பொதுக் குறிமுறையாகிய யூனிகோடு, தன் 8.0ஆம் பதிப்பில் (2015) அறபுத் தமிழுக்குத் தேவையான மூன்று குறிகளை ஏற்றது. கீழே மூன்று நுக்தாக்கள் பெற்ற ஐன், ஙகரத்துக்கு. கீழே ஒரு நுக்தா பெற்ற காஃப், ககரத்தின் மெலிந்த ஒலிக்கு. மக்தபில் நாம் 'பேஷ்' என்று ஓதிய ழம்மாவைத் தலைகீழாக்கி எழுத்தின் அடியில் இடுவது, எகரத்துக்கு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்றோரின் கிதாபுகள் கணினியில் பிழையின்றி ஏறுமா என்பது இவற்றையும் சார்ந்துள்ளமையால், இப்பணியை நாம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

இக்குறிகளின் பெயரில் நம் மொழியின் பெயர் இல்லை, வடிவமே பெயராகியுள்ளது. தனித் தொகுதி தந்திருக்கலாகாதா என்று தோன்றக்கூடும். கேமரூனில், இஸ்லாத்தைத் தழுவிய மன்னர் ந்ஜோயா உருவாக்கிய பாமும் எழுத்துக்கு அத்தகைய மதிப்புக் கிட்டியது. அவர் படிப்படியாகத் திருத்திக் கைவிட்ட பழைய வடிவங்கள் 569, இன்னின்ன கட்டத்தவை என்ற குறிப்புடனேயே 2010இல் இடம்பெற்றன. (1931இல் அம்மன்னரைத் தலைநகரிலிருந்து அகற்றிய பிரெஞ்சு ஆட்சியே அன்று எம் செல்லிப்பட்டையும் ஆண்டது.)

எனினும் அந்த ஒப்புமை நமக்குப் பொருந்தாது. பாமும் தனித்துப் பிறந்த எழுத்து. அறபுத் தமிழோ அறபு எழுத்தையே தமிழொலிக்கு இசைவித்தது. தமிழ் வாக்கியத்தின் நடுவே வரும் 'ஸலாத்', 'ஸகாத்' முதலியவை தம் மூல எழுத்துக் கோவையிலேயே நிற்பது அதன் உயிர்நாடி. தனித் தொகுதி அமைந்திருந்தால் அச்சொற்கள் தம் அறபு உறவை இழந்திருக்கும். ஆகவே யூனிகோடு செய்தது சரியென்றே கருதுகிறோம்.

குறை வேறிடத்தில் உள்ளது. பகரத்துக்குரிய, கீழ் நுக்தா பெற்ற ஃபே, முன்னரே யூனிகோடில் இருந்தது. அப்படியிருந்தும் சில ஆண்டுகளுக்கு முன் பழைய கிதாபு ஒன்றை நாம் தட்டெழுதியபோது, விசைப்பலகையில் எளிதில் கிடைத்த பாரசீகப் 'பே'யை அவ்விடத்தில் இட்டோம். ஙகரத்துக்கு வெறும் ஐன் போதும் என்றும் விட்டோம். வாசிப்போர் பொருளை ஊகித்துக்கொள்வர். கணினிக்கோ குறியெண் வேறானால் எழுத்தே வேறு. பின்னர் 'பள்ளி' என்ற சொல்லை முறையான எழுத்திட்டுத் தேடினோம், ஓரிடத்திலும் அகப்படவில்லை. நூலிலோ அச்சொல் பக்கந்தோறும் உள்ளது.

மூலப் படியை அருகில் வைத்து, முதற்பக்கத்திலிருந்து மீண்டும் திருத்தி வருகிறோம்.