சீத்தாப்பழத்தில் வெளிச்சம்

நம் சங்க மலருக்கு எண்ணெய் வண்ண ஓவியம் பற்றி எழுதச் சொன்னார் தலைவர் ஐயா. அது கடல். பழங்களோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன்.

ரவிவர்மா வழி, 1850இல் டாக்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி வழி, கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் வழி எல்லாம் உறுப்பினர்கள் அறிந்தவையே. ரவிவர்மா பழம் ஏந்திய பெண்ணை வரைந்தால் நம் கண் முகத்துக்குத்தான் போகும். 1957இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரான பிறகு சென்னைப் பள்ளியில் உருவமே கேள்விக்குள்ளானது, பழம் எம்மாத்திரம்?

ஆலங்காயத்தில் எங்கள் டிராயிங் வாத்தியார் பழத்தை விடவில்லை. ஆப்பிளை எவனும் மினுக்கிவிடுவான் என்பார். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் சீத்தாப்பழத்தைப் பித்தளைத் தட்டில், வடக்கு ஜன்னலோரம் வைப்பார். வாணியம்பாடி தோல் ஷாப்பில் தரம் பார்ப்பவர் தோலை வெளிச்சத்துக்குச் சாய்ப்பதுபோல் பழத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒவ்வொரு மேட்டுக்கும் தனி ஒளி, தனி நிழல். ஆனாலும் பழம் மொத்தமாக உருண்டை. நிழல் பக்கத்து மேடு ஒளிப்பக்கத்து மேட்டோடு போட்டிபோட்டால் பழம் தட்டையாகிவிடும். சொரசொரப்பு நன்றாகத் தெரிவது உச்சி வெளிச்சத்தில் அல்ல, ஒளி நிழலுக்குத் திரும்பும் இடத்தில். அங்கேதான் அவர் பிரஷ் நிதானிக்கும். நிழலை டர்பன்டைனில் மெல்லிசாகக் கரைத்துவிட்டு, ஒளியைக் கத்தியால் தடிமனாக வைப்பார். அடிப்பூச்சில் எண்ணெய் கூடினால் மேற்பூச்சு வெடிக்கும் என்று அடிக்கடி எச்சரிப்பார். தட்டிலிருந்து எதிரொளிக்கும் மஞ்சளை நிழலின் ஓரத்தில் ஒரே இழுப்பில் கொண்டுவருவார். வண்ணம் காய்வதற்குள் பழம் கறுத்துவிடும். அதனால் வேகமும் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வில்லெம் கால்ஃப் வரைந்த, தோல் சுருளாகத் தொங்கும் எலுமிச்சையின் அச்சுப்படத்தைக் காட்டி, "மஞ்சள் தோலும் வெள்ளைச் சதையும் சாறும் மூன்று விதமாக ஒளி வாங்குது பார்" என்பார்.

இன்றைய நிலை பற்றிச் சொல்வது யாரையும் மனத்தில் வைத்தல்ல. கைத்திறன் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் செல்போன் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, எல்லாப் பழத்திலும் டியூபிலிருந்து பிதுக்கிய ஒரே வெள்ளைப் பொட்டு! திராட்சையின் மேல் படிந்த சாம்பல் பூப்பைத் துடைத்துவிட்டு அங்கும் பொட்டு. சப்போட்டாவுக்கு ஏதய்யா பளபளப்பு? கேட்டால் "டிரெண்ட் சார்" என்கிறார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன? கடைக்காரர் ஆப்பிளுக்கு மெழுகு பூசுகிறார், பள்ளியில் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். நம் ஓவியப் போட்டி நடுவர்களும் பொட்டுக்கே பரிசு தருகிறார்கள் என்றால் யாரிடம் முறையிடுவது?

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த போட்டியில் போட்டோ பார்த்து வரைவதை அனுமதிக்க வேண்டாம். சீத்தாப்பழம் இறங்கும் மாதமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள். தட்டும் பழமும் என் செலவு.