விரல் தெரியும் கச்சேரி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அங்கே பதிவான பழைய கச்சேரிகள் பல இன்று யூடியூபில் கிடைக்கின்றன. படம் மங்கல், ஒலி ஒற்றைத் தடம், இடையிடையே நாடாக் கோடு. ஆனாலும் செம்மங்குடியையும் எம்.டி. ராமநாதனையும் இளைஞர்களும் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். பழசின் மீதான ஏக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்தைப் பார்க்காத பிள்ளைகள் எதற்கு ஏங்குவார்கள்? இசை எப்படி உண்டாகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதே இப்பதிவுகளின் பலம்.

நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்தார். அவருடைய தோடி இசைத்தட்டில் இருக்கிறது. அதை விரல் எப்படிப் பிடித்தது என்பது தட்டில் இல்லை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) தொலைக்காட்சிக் காலத்திலும் வாசித்தவர். அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த வாய்ப்பு பெரிது. வாத்தியத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். துளையைப் பாதி மூடுவதிலும் சீவாளியில் உதடும் மூச்சும் தரும் அழுத்தத்திலும்தான் கமகம் பிறக்கிறது. கேமரா அசையாமல் நின்றால், வித்வான் எங்கே மூச்சு வாங்குகிறார், தவில்காரர் எப்போது கழியை அடக்கி விரல் கூட்டைப் பேசவிடுகிறார் என்பதெல்லாம் தெரியும்.

ரசிகரே இல்லாத ஸ்டுடியோவில் உயிர் ஏது, விடிய விடிய வீதியில் வாசித்த கலையை அரை மணிக்குள் அடைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், சுவாமி புறப்பாட்டில் விரியும் ராகத்தை எந்த ஸ்டுடியோவும் தராது. ஆனால் அந்த அனுபவத்துக்கு மாற்றாக இப்பதிவுகளைப் பார்க்க வேண்டியதில்லை, இவை சாட்சியங்கள். ஜெர்மனியில் இசை நடத்துநர் கராயன் 1960களின் பிற்பகுதியிலிருந்து எடுத்த சிம்பொனிப் படங்கள் பலவற்றில், முன்பே பதிவான ஒலிக்கு ஏற்பக் கலைஞர்கள் வாசிப்பதுபோல் நடித்தார்கள். அழகு உண்டு, சாட்சியம் இல்லை. இன்றைய நேரலைகளோ கிரேனில் பறந்து, தனி ஆவர்த்தனத்தின் கோர்வை முடியும் நேரத்தில் கூட்டத்தைக் காட்டுகின்றன. பந்து மட்டையில் படும் நொடியில் கேலரியைக் காட்டினால் கிரிக்கெட் ரசிகர் பொறுப்பாரா?

பழைய பதிவெல்லாம் பொன் என்பதல்ல வாதம். சலிப்பூட்டுபவையும் உண்டு, வயலின் பதில் சொல்லும்போது பாடகர் முகத்திலேயே நின்றுவிட்ட கேமராக்களும் உண்டு. நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்திய வழக்கத்தில் நல்லவை எத்தனையோ போயின. அதனால்தான் மிஞ்சியதைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் போடாமல், பக்கவாத்தியக்காரர் பெயரோடும் பதிவுத் தேதியோடும் பிரசார் பாரதி முழுதாக வெளியிட வேண்டும். நாமக்கல் வட்டாரத்தில் நாகஸ்வரம் பழகும் பிள்ளைக்கு ஆலாபனை முதல் மங்களம் வரை பார்க்கக் கிடைத்தால்தான் அது பாடம்.