பைமாலின் தொடக்க அமைவுக் கோப்பு – ஒரு மதிப்பீடு

பைமால் என்பது புரதம், டிஎன்ஏ போன்ற பெரிய மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவத்தைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருள். இதனை உருவாக்கியவர் வாரன் டிலானோ. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் 2009-இல் மறைந்த பின், 2010 முதல் ஷ்ரோடிங்கர் நிறுவனம் இதனைப் பேணி வருகிறது. இதற்குத் திறந்த மூலப் பதிப்பும் உண்டு. இக்கட்டுரை அதன் ஒரு சிறு பகுதியான தொடக்க அமைவுக் கோப்பின் நிறை குறைகளை மட்டும் ஆராய்கிறது.

செயல்படும் முறை

பைமாலைத் திறந்தவுடன் அது பயனரின் அடைவில் ‘பைமால்ஆர்சி’ என்னும் பெயருள்ள கோப்பைத் தேடும். இருந்தால், அதிலுள்ள கட்டளைகளை வரிசையாக, நாமே தட்டச்சு செய்தது போல நிறைவேற்றும். லினக்ஸ், மேக் கணினிகளில் இக்கோப்பின் பெயர் புள்ளியுடன் தொடங்கும். அதனால் சாதாரணக் கோப்புப் பட்டியலில் அது தெரிவதில்லை. பைதான் மொழியில் எழுதிய கோப்பையும் இதே முறையில் இயக்கலாம்.

நிறைகள்

பைமாலின் இயல்பான பின்புலம் கறுப்பு. அச்சிடும் கட்டுரைக்கு வெள்ளையே பொருந்தும். ‘பிஜி_கலர் ஒயிட்’ என்ற ஒரு வரியைக் கோப்பில் எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. இணையத்திலிருந்து இறக்கும் வடிவக் கோப்புகளை எல்லாம் ஒரே அடைவில் சேர்க்க ‘ஃபெட்ச்_பாத்’ உதவும். அடிக்கடி பயன்படும் நீண்ட கட்டளைத் தொடருக்கு ‘அலியாஸ்’ மூலம் சிறு பெயர் சூட்டலாம். நிரலாக்கம் அறியாத மாணவரும் இவற்றை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மென்பொருளைத் தன் கைக்கு ஏற்ப வளைக்கும் இவ்வுரிமை உண்மையில் பாராட்டத்தக்கது.

குறைகள்

படத்தின் தோற்றத்தை மாற்றும் அமைப்புகளும் கணக்கின் விடையை மாற்றும் அமைப்புகளும் எவ்வித வேறுபாடும் இன்றி இதே கோப்பில் இடம்பெறலாம் என்பதே பெரிய குறை.

ஓர் எடுத்துக்காட்டு. ‘கெட்_ஏரியா’ என்னும் கட்டளை மூலக்கூறின் பரப்பளவைத் தரும். ‘டாட்_சால்வென்ட்’ என்ற அமைப்பு இயல்பான நிலையில் 0. அப்போது கிடைப்பது மூலக்கூறின் சொந்தப் பரப்பு. அதனை 1 ஆக்கினால் கிடைப்பது கரைப்பான் அணுகும் பரப்பு. அதாவது, 1.4 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள நீர்த்துளி போன்ற ஒரு கோளத்தை மூலக்கூறின் மேல் உருட்டினால் அக்கோளத்தின் மையம் வரையும் பரப்பு. 1.7 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள ஒரு தனிக் கார்பன் அணுவைக் கோளமாகக் கொண்டு பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முதல் முறையில் ஏறத்தாழ 36 சதுர ஆங்ஸ்ட்ராம். இரண்டாம் முறையில் ஆரம் 3.1 ஆகிவிடுவதால் ஏறத்தாழ 121. மூன்று மடங்குக்கும் மேல்!

இரண்டு மாணவர்கள் ஒரே புரதத்தை எடுத்து, ஒரே கட்டளையைக் கொடுத்து, வேறுவேறு எண்களைப் பெறுவர். இருவர் செய்ததிலும் பிழையில்லை. ஒருவர் எப்போதோ தொடக்கக் கோப்பில் எழுதி மறந்த ஒற்றை வரிதான் காரணம். அவர் தம் கட்டளைத் தொகுப்பை மற்றவருக்கு அனுப்பினாலும் அந்த வரி உடன் செல்லாது. யார் செய்தாலும் அதே விடை வரவேண்டும் என்பது அறிவியலின் அடிப்படை. அங்கேயே இவ்வசதி இடறுகிறது.

பயனர்தாம் கவனமாக இருக்க வேண்டும் என்று சிலர் வாதிடலாம். ஓரளவு சரியே. ஆனால் கண்ணில் படாத இடத்தில் கோப்பை வைத்துவிட்டு, கவனம் போதவில்லை என்று மாணவரைக் குறை கூறுவது முறையாகாது.

மற்றொரு குறையும் உண்டு. பிறருடைய தொடக்கக் கோப்பை அப்படியே நகல் எடுத்து வைப்பது மாணவரிடையே எளிதில் நிகழக்கூடியது. அதில் பைதான் நிரலும் இருக்கலாம் என்பதால், படிக்காமல் வைப்பது முன்பின் அறியாத நிரலை நம் கணினியில் ஓடவிடுவதற்குச் சமம்.

ஓர் ஒப்பீடு

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான விஎம்டி என்னும் மென்பொருளிலும் இத்தகைய கோப்பு உண்டு. அங்கே இடர் வேறு வகையானது. நாம் சொந்தக் கோப்பு வைத்தால் மென்பொருளுடன் வரும் கோப்பு படிக்கப்படுவதில்லை. முதன்மைப் பட்டியைத் திறக்கும் வரியை நாமே எழுதாவிட்டால் பட்டியே தோன்றாது. புதியவருக்கு இது திகைப்பைத் தரும். ஆயினும் தவறு உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பைமாலில் அவ்வாறு தெரிவதில்லை என்பதால் அதுவே கூடுதல் இடர் உடையது.

மாணவர் கவனத்திற்கு

1. நிறம், பின்புலம், அடைவு, குறும்பெயர் ஆகியவற்றை மட்டும் தொடக்கக் கோப்பில் வைக்கவும்.

2. விடையை மாற்றும் அமைப்புகளை அந்தந்த ஆய்வின் கட்டளைத் தொகுப்பிலேயே முதல் வரிகளாக எழுதவும்.

3. ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணத்தைக் குறிப்பாக எழுதவும்.

4. முடிவை வெளியிடும் முன், கட்டளை வரியில் ‘-கே’ என்னும் தெரிவுடன் பைமாலைத் திறந்து மீண்டும் செய்து பார்க்கவும். அப்போது தொடக்கக் கோப்பு படிக்கப்படாது. விடை மாறினால் காரணம் அக்கோப்பில் இருக்கலாம்.

தொகுப்பாகக் கூறின், தொடக்க அமைவுக் கோப்பு பயனுள்ள கருவியே. தோற்றத்திற்கு ஒன்றும் கணக்கிற்கு ஒன்றுமாக அதனைப் பிரித்து அமைத்திருந்தால் குறை பெரிதும் நீங்கியிருக்கும். அது வரும்வரை அப்பிரிவினையை மாணவர் தாமே செய்துகொள்வது நல்லது.