நோக்ராஜின் நாக்கு

நோக்ராஜுக்கு முகம் வருவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. பெங்களூரின் ஃபீவர் 104 எஃப்.எம். வானொலியில் தொகுப்பாளர் டேனிஷ் சேட் யாரையாவது தொலைபேசியில் அழைத்து வம்பிழுப்பார். மறுமுனைக்காரர் பொறுமை இழக்கும்வரை விடமாட்டார். அந்த அழைப்புகளில் உருவானவர்தான் நோக்ராஜ் என்ற இந்த அரசியல்வாதி. பேசப் பேசக் கன்னடம் ஆங்கிலத்துக்குள் வழுக்கி விழும், ஆங்கிலம் கன்னட விகுதியைப் பிடித்துக்கொண்டு எழும்.

சாத் கான் இயக்கத்தில், சேட்டே நோக்ராஜாக நடித்த ‘ஹம்பிள் பொலிட்டிசியன் நோக்ராஜ்’ என்ற கன்னடப் படம் 2018 ஜனவரி 12 அன்று திரைக்கு வந்தது. தயாரித்தவர்களில் புஷ்கர மல்லிகார்ஜுனய்யாவும் ரக்‌ஷித் ஷெட்டியும் உண்டு. நோக்ராஜ் ஒரு கார்ப்பரேட்டர், நம் ஊர்ப் பேச்சில் கவுன்சிலர். எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. எதிரே நிற்பவர் அருண் பாட்டீல் (ரோஜர் நாராயண்), கைசுத்தமான, படித்த மனிதர். மனைவியாகச் சுமுகி சுரேஷும் உதவியாளர் மஞ்சுநாத்தாக விஜய் செண்டூரும் நோக்ராஜுக்கு ஈடுகொடுத்து நடித்திருக்கிறார்கள்.

வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. சேட்டின் நடிப்பையும் வசனங்களின் வேகத்தையும் பலர் கொண்டாடினார்கள். துணுக்குகளைக் கோத்த மாலையாகவே படம் நின்றுவிடுகிறது, பின்பாதி தொய்கிறது என்ற குறையும் எழுந்தது. அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். அருண் பாட்டீலின் நேர்மைக்குப் படத்தில் சுவையே இல்லை; நல்லவன் பேசத் தொடங்கினால் காட்சி சோர்ந்துபோகிறது. ஆனாலும் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அரங்கில் எழும் சிரிப்பில் எவ்வளவு அந்த ஆளின் ஊழலைப் பார்த்து வருகிறது, எவ்வளவு அவர் ஆங்கிலத்தைக் கேட்டு வருகிறது?

இந்தக் கேள்விக்குக் கன்னடத்தில் நூறாண்டு வரலாறு உண்டு. மைசூர் சமஸ்தானத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1884-இல் பிறந்த டி.பி. கைலாசம், 1918-இல் எழுதிய ‘டொள்ளு கட்டி’ முதலாகத் தம் நகைச்சுவை நாடகங்களில் ஆங்கிலம் கலந்த வீட்டுக் கன்னடத்தை மேடையேற்றினார். அதுவரை மேடை பேசியது புராணக் கன்னடம். கைலாசத்தின் பாத்திரங்கள் ஆங்கிலத்தைப் பதவிச் சின்னமாக அணிந்துகொண்டார்கள். அந்த அணிகலனைத்தான் அவர் உரித்தெடுத்தார். ‘பண்ட்வாளவில்லத படாயி’ என்று அவர் நாடகம் ஒன்றுக்குப் பெயர். கையில் முதல் இல்லாதவனின் வீம்பு என்று பொருள் கொள்ளலாம். நோக்ராஜுக்கும் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் சிரிப்பின் திசை மாறிவிட்டது. கைலாசத்தில் ஆங்கிலம் தெரிந்தவன் கேலிக்கு ஆளானான். நோக்ராஜில் பல இடங்களில் ஆங்கிலம் சரியாக வராதவன் கேலிக்கு ஆளாகிறான்.

கன்னட நாடகக் கலைஞர் மாஸ்டர் ஹிரண்ணையாவின் வழி இன்னொன்று. ‘லஞ்சாவதாரா’ என்ற அவர் நாடகம் கம்பெனி மேடையில் பல்லாயிரம் முறை நடந்தது. எழுதி வைத்த வசனத்தோடு அவர் நிற்கமாட்டார். அன்றன்றைய அரசியலை மேடையிலேயே இழுத்துப் போட்டுப் பிய்ப்பார். அமைச்சரைச் சாடிய கையோடு, லஞ்சம் கொடுத்துக் காரியம் முடித்துக்கொண்டு நாடகம் பார்க்க வந்திருப்பவரையும் சாடுவார். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் அடி ஒன்றுதான்.

நோக்ராஜ் படம் அந்தத் துணிவை எட்டும் இடங்கள் சிலவே. வாக்காளர் விலை பேசும் காட்சிகளில் எட்டுகிறது. மற்றபடி, மல்டிபிளெக்ஸில் அமர்ந்திருப்பவர் தன்னை அருண் பாட்டீல் பக்கம் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சிரிக்கலாம். படம் வந்த அதே ஆண்டு மே 12 அன்று நடந்த கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுவதும் 72 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். பெங்களூரு நகரில் ஏறத்தாழ 55. படம் தொடாமல் விட்ட மனிதர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்.

தேர்தல் முடிவோ எந்தத் திரைக்கதையையும் விஞ்சியது. பா.ஜ.க. 104, காங்கிரஸ் 78, ம.ஜ.த. 37. எடியூரப்பா மே 17-இல் முதல்வராகப் பதவியேற்று 19-இல் விலகினார். எம்.எல்.ஏ.க்கள் பிடதி அருகே சொகுசு விடுதியில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மறுபடி விடுதி, மறுபடி ஆட்சி மாற்றம். 2022 ஜனவரியில் வூட் தளத்தில் தொடராக நோக்ராஜ் திரும்பியபோது, முதல்வர் நாற்காலியும் விடுதி அரசியலும்தான் களம். அங்கே அவருக்குச் சரியான எதிராளி கிடைத்தார்: பிரகாஷ் பெலவாடியின் கிருஷ்ண குண்டு பாலா, சுருக்கமாக கே.ஜி.பி. இரண்டு அயோக்கியர்கள் மோதும்போது மொழிக் கேலி தானாகப் பின்னுக்குப் போய், பேரம் முன்னால் வருகிறது. படத்தைவிடத் தொடரை நான் மேலாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

நடுவில் 2020 ஊரடங்கில் சேட் தனியாளாகப் பல வேடமிட்டு வெளியிட்ட குறுங்காணொளிகளையும் இங்கே சேர்க்க வேண்டும். நகரத்துப் பேச்சுகள் பலவற்றையும் ஒரே ஆள் பேசிய அந்தத் துண்டுகளில் எந்த உச்சரிப்பும் தனியாகத் தாழ்ந்து நிற்கவில்லை.

தொடர் வெளியான சமயத்தில், நோக்ராஜ் படத்தில் வகித்த பதவி பெங்களூரில் யாரிடமும் இல்லை. 198 வார்டுகள் கொண்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தல் நடக்காமல் அதிகாரிகளே நிர்வாகம் பார்த்தார்கள். குப்பைக்கும் சாக்கடைக்கும் போய்ச் சண்டை போட வார்டில் ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல் இருக்கவில்லை. கன்னடத் திரையில் இதைப் பற்றிய நகைச்சுவை ஒன்றுக்காக நான் காத்திருக்கிறேன். 2019-இல் மறைந்த ஹிரண்ணையா இருந்திருந்தால், மன்றம் கலைந்த அன்று மாலையே மேடையில் அதைப் பேசியிருப்பார்.