ஒரு படைப்பிரிவும் தொண்ணூறு குழந்தைகளும்

எந்த ஆற்றைக் கடந்தார்கள், எந்த மேட்டைப் பிடித்தார்கள், எத்தனை பேரை இழந்தார்கள்: படைப்பிரிவு வரலாறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு முடிந்துவிடும். ஜெர்மனியின் 295-ஆவது காலாட்படைப் பிரிவுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. 1941-இல் உக்ரைனுக்குள் நுழைந்தது. 1942 செப்டம்பரில் ஸ்டாலின்கிராடின் மமாயெவ் குன்றில் போரிட்டது. 1943 தொடக்கத்தில் அந்த நகரத்திலேயே அழிந்தது. ஆனால் இந்தப் பிரிவை எடைபோட வேண்டிய இடம் ஸ்டாலின்கிராடு அல்ல, கீவுக்குத் தெற்கே உள்ள பிலா செர்க்வா என்ற ஊர் என்பது என் எண்ணம்.

1941 ஆகஸ்டில் அங்கே யூதர்கள் பல நூறு பேரை எஸ்.எஸ். கொலைக்குழுவான சோண்டர்கொமாண்டோ 4ஏ சுட்டுக் கொன்றது. அவர்களுடைய குழந்தைகளை ஒரு வீட்டில் அடைத்து வைத்தார்கள். இரவெல்லாம் கேட்ட அழுகையைத் தாங்க முடியாமல், பக்கத்தில் தங்கியிருந்த படைவீரர்கள் பாதிரியார்களிடம் போய்ச் சொன்னார்கள். ஆகஸ்ட் 20 அன்று அந்த வீட்டைப் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் 295-ஆவது பிரிவின் கத்தோலிக்கப் பாதிரியார் ராய்ஸ். அவர் எழுதிய அறிக்கை இன்றும் இருக்கிறது. சில மாதக் கைக்குழந்தைகள் முதல் ஆறேழு வயதுப் பிள்ளைகள் வரை சுமார் தொண்ணூறு பேர், தங்கள் கழிவிலேயே கிடந்தார்கள். உடம்பெங்கும் ஈ மொய்த்தது. நடக்கத் தெரிந்த சில பிள்ளைகள் சுவரின் காரையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார்கள்.

செய்தி பிரிவின் முதன்மைப் பணி அதிகாரி ஹெல்முத் குரோஸ்கூர்த்துக்குப் போனது. ஹிட்லருக்கு எதிரான சதிகளில் 1938 முதலே பங்கு கொண்டவர் அவர். அன்றே நேரில் போனார், குழந்தைகளைக் கொண்டுபோவதில் தலையிட்டார், மேலிடத்துக்குத் தொலைபேசினார். மாலையில் ஆறாம் இராணுவத் தலைமையகம் கொலையை ஒத்திவைத்தது. மறுநாள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசி முடிவைச் சொன்னவர் ஆறாம் இராணுவத்தின் தளபதி ஃபீல்டு மார்ஷல் ரைக்கனாவ்: தொடங்கியதை முடித்துவிடுங்கள். ஆகஸ்ட் 22 அன்று குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

போருக்குப் பின் பல பத்தாண்டுகள் ஜெர்மனியில் ஒரு பேச்சு நிலைத்திருந்தது: இராணுவத்தின் கை சுத்தம், கறையெல்லாம் எஸ்.எஸ்.ஸுக்கே. முதல் பார்வைக்கு பிலா செர்க்வா இந்தப் பேச்சுக்குத் துணை நிற்பதுபோலத் தோன்றும். கொன்றது எஸ்.எஸ். தலைமையில் இயங்கியவர்கள், தடுத்தவர் இராணுவ அதிகாரி. ஆவணத்தை வரி வரியாகப் படித்தால் அந்தத் துணை நொறுங்கிப்போகிறது. ஓர் அதிகாரி குறுக்கே நின்றதும் கொலை நின்றது. ஆகவே 'எங்களால் என்ன செய்திருக்க முடியும்' என்ற வாதம் இங்கே செல்லாது. அதை மறுபடி நடத்தச் சொன்ன ஆணையும் எஸ்.எஸ். தலைமையிடமிருந்து வரவில்லை. முழு இராணுவச் சீருடை அணிந்த ஒரு தளபதியின் வாயிலிருந்து வந்தது.

குரோஸ்கூர்த்தை எங்கே வைப்பது? இதுதான் கடினமான கேள்வி. ஆகஸ்ட் 21 தேதியிட்ட அவருடைய அறிக்கையில், பெண்கள், குழந்தைகள் மீதான இந்த நடவடிக்கைகள் எதிரியின் கொடுமைகளிலிருந்து எவ்விதத்திலும் மாறுபட்டவை அல்ல என்று எழுதினார். இப்படியோர் அறிக்கையை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று ரைக்கனாவ் கண்டித்தார். 1941-இல் இப்படி எழுதத் துணிவு வேண்டும். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: பெற்றோரைக் கொன்றபோதே குழந்தைகளையும் முடித்திருந்தால் இந்த மனிதத்தன்மையற்ற சித்திரவதை நேர்ந்திருக்காது என்பது அதன் பொருள். மேலதிகாரியின் காதில் ஏற வேண்டும் என்பதற்காக அவர்களுடைய மொழியிலேயே பேசினார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம், அவருடைய முந்தைய வாழ்க்கை அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனாலும் தந்திரமாகவே எழுதியிருந்தாலும், அந்த வாக்கியம் கொலையை ஒரு நிர்வாகக் கோளாறாகச் சுருக்கிவிட்டது. கொல்வது தவறு என்று வாதாட வேண்டிய இடத்தில், கொன்ற முறை தவறு என்று வாதாடியது. அந்த வாதத்துக்கு ரைக்கனாவால் எளிதாக விடை சொல்ல முடிந்தது, சொன்னார்.

இதே அளவுகோலைப் படைவீரர்களுக்கும் வைக்க வேண்டும். பெரியவர்களைச் சுட்ட துப்பாக்கிச் சத்தத்துக்கு அசையாத ஊரில், குழந்தைகளின் அழுகைக்குத்தான் மனம் இளகியது. அந்த இளக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாவிட்டால் அறிக்கையே இருந்திராது. ஆனால் அது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

என் தீர்ப்பு இது: 295-ஆவது பிரிவு அந்தக் குழந்தைகளைச் சுடவில்லை, ஆனால் அவர்களைச் சுட்ட இயந்திரத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. குரோஸ்கூர்த் மரியாதைக்குரியவர், குற்றம் நீங்கியவர் அல்ல. ஸ்டாலின்கிராடில் சிறைப்பட்ட அவர் 1943 ஏப்ரலில் முகாமில் டைஃபஸ் காய்ச்சலால் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகள் 1970-இல் நூலாக வந்தன. ரைக்கனாவ், குரோஸ்கூர்த், ராய்ஸ் என்று அதிகாரிகளும் பாதிரியார்களும் பெயரோடு வரலாற்றில் இருக்கிறார்கள். காரையைத் தின்ற பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட அந்த அறிக்கைகளில் இல்லை.