ஒரு பெயரடையின் மருத்துவக் குறிப்பு

சொல்லுக்குப் பொறுப்பேற்பது பற்றி நம் இலக்கியக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். எனக்கு அதற்கு உதாரணமாகத் தோன்றுகிறவர் ஒரு பேத்தாலஜிஸ்ட். ஹுவான் ரோசாய், 1940இல் இத்தாலியில் பிறந்து, அர்ஜென்டினாவில் படித்து, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் லாரன் ஆக்கர்மனிடம் தொழில் கற்றவர். ஆக்கர்மன் 1953இல் எழுதிய 'சர்ஜிகல் பேத்தாலஜி' பாடநூலை 1974இன் 5ஆம் பதிப்பில் கையில் எடுத்து, 2011இன் 10ஆம் பதிப்புவரை கொண்டுபோனார். அந்தத் தடிப் புத்தகத்தை விடுங்கள். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு, அவர் எழுதிய ஒரே ஒரு பெயரடை போதும்.

1969இல் ரோசாயும் ரொனால்ட் டார்ஃப்மனும் 4 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் வருவது. கழுத்தின் இரு பக்கமும் பெரிதாக நெறி கட்டும், வலிக்காது, காய்ச்சல் வரும். பார்த்தவுடன் நிணநீர்ப் புற்று என்றுதான் தோன்றும். பயாப்ஸி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், பெரிய பெரிய ஹிஸ்டியோசைட் செல்கள், அவற்றுக்குள்ளே முழு லிம்ஃபோசைட்டுகள். விழுங்கின மாதிரி இருக்கும், ஆனால் செரித்திருக்காது. சுரசையின் வாய்க்குள் போன அனுமன் மாதிரி, உள்ளே போனது உருக்குலையாமல் இருக்கும்.

கட்டுரையின் தலைப்பிலேயே 'தீங்கற்ற' என்ற சொல்லைப் போட்டார்கள். வெறும் 4 பேரை வைத்து! அந்தச் சொல் தப்பென்றால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகும். சொல்லத் தயங்கினால், இல்லாத புற்றுக்கு ஒரு பிள்ளை கதிர்வீச்சு வாங்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். 1972இல் 34 பேர். தலைப்பில் மறுபடியும் 'தீங்கற்ற'. நோயாளிகளுக்கென்று ஒரு பதிவேடு உருவானது. 1984இல் வந்த ஒரு கட்டுரை அந்தப் பதிவேட்டிலிருந்தே 14 மரணங்களை எடுத்து அலசியது. எழுதியவர்களில் ரோசாய், டார்ஃப்மன் இருவருமே உண்டு. 1990இல் கணக்கு 423 பேர். நம்மில் யார், 'மகத்தான நாவல்' என்று எழுதிவிட்டு, 15 வருடம் கழித்து அந்த அடைமொழி என்ன ஆனது என்று திரும்பிப் பார்த்திருக்கிறோம்?

ஒரு குறையும் உண்டு எனக்கு. 'தீங்கற்ற' என்பது செல்லைப் பார்த்து வைத்த பெயர். செல்லுக்குப் பொருந்துவது ஆளுக்கு அப்படியே பொருந்தாது. சிறுநீரகத்தில் வந்தால் இந்த நோய் அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்வதில்லை.

கற்பித்தலிலும் அவருக்கு இதே குணம். ஸ்லைடு கருத்தரங்குகளில் காட்டப்பட்டவற்றைச் சேகரித்து வைத்தார். அவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் ஏறின. கூகுள் மேப்பைப் போலப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். தீர்ப்புக்குப் பக்கத்திலேயே சான்றும் இருக்கிறது, நீங்களே பார்த்துச் சண்டை போடலாம். நம் விமர்சனக் கட்டுரைகளில் மேற்கோள் செய்ய வேண்டிய வேலை இது. நாம் பெரும்பாலும் அதை மாலையாகத்தான் போடுகிறோம்.

ரோசாய் 2020இல் இறந்தார். இந்த நோயாளிகள் சிலரின் செல்களில் கே-ராஸ் போன்ற மரபணுக்களில் பிறழ்வுகள் இருப்பது இதற்குள் தெரிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின் 5ஆம் பதிப்பு, ரோசாய்-டார்ஃப்மன் நோயை ஹிஸ்டியோசைட் கட்டிகளின் வரிசையில் வைக்கிறது. இருவர் பெயரும் நிற்கின்றன, 1969இன் பெயரடை போய்விட்டது. கழுத்து நெறியோ, இன்றைக்கும் பலருக்குத் தானாகவே வடிந்துவிடுகிறது.