ஆவணமும் ஆறாப் புண்ணும்

ஆவணக் காப்பகம் பழந்தாளைச் செல்லரியாமற் காப்பதோடு, அதனைத் தொடுவோர் உள்ளத்தையும் கருதல் வேண்டும் என்னும் கொள்கை அண்மையில் வலுப்பெற்று வருகின்றது. ஆஸ்திரேலியரான கர்ஸ்டன் ரைட், நிக்கோலா லாரன்ட் ஆகிய இருவரும் 2021-இல் ‘ஆர்க்கிவேரியா’ இதழில் எழுதிய கட்டுரை பாதுகாப்பு, கூட்டுழைப்பு, ஆற்றலளித்தல் முதலியவற்றை நெறிகளாக முன்வைக்கின்றது. அந்நாட்டில் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்தோர் தம்மைப் பற்றிய ஏடுகளைத் தாமே கேட்டு வருகின்றனர். அவரை வினவலாம், அவர் மறுமொழியை ஏட்டொடு சேர்த்தும் வைக்கலாம். ஏட்டிலுள்ளார் அனைவரும் இறந்துபட்டவிடத்துக் கூட்டுழைப்பு யாரோடு? இவ்வினாவே ஈண்டு நாம் ஆராய விரும்புவது.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவருட் பெரும்பாலோர் சென்னையிற் கப்பலேறியவர். கப்பற் பதிவேட்டில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், உடலடையாளம் என்பன அடுத்து வரும். மாட்டுத்தரகர் கணக்கினும் இது பெரிதும் வேறன்று. ஆயினும் மூதாதையின் ஊர்ப்பெயரைத் தேடும் பேரர்க்கு வேறு பற்றுக்கோடு அரிது.

அவர் அக்காலத்து அரசாங்கத் தாள்களிற் காணும் சொல் ‘கூலி’. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் முயற்சியின் பயனுக்கு ஆண்ட சொல், அந்நாட்டில் மாந்தர்க்கு வசையாயிற்று. (ஆங்கிலச் சொல் ‘கோலி’ என்னும் இனப்பெயரின் வழித்தென்பாரும் உளர், அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா.) இதனை நீக்கிவிடலாம் என்பார்க்கு நாம் உடன்படோம். 1872-ஆம் ஆண்டு விசாரணைக் குழுவின் பெயரிலேயே அச்சொல் உள்ளது. நீக்கின் அக்குழுவின் அறிக்கையைத் தேடுவோர் இடர்ப்படுவர். காப்பகத்தார் தம் கூற்றாக அதனை வழங்காதிருத்தலும், தாளை விரிக்குமுன் படிப்போர்க்கு அறிவித்தலும் போதும்.

இதனினும் இடர்மிக்கவை வாக்குமூலங்கள். அடியுண்டவரும் ஊதியம் மறுக்கப்பட்டவரும் குடியேறிகளின் பாதுகாவலரிடம் தமிழில் முறையிட்டனர். மொழிபெயர்ப்பாளர் சொல்ல, எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினார். அவற்றை மீண்டும் தமிழாக்குங்கால், வட்டார வழக்கும் அழுகுரலும் பெய்து தன்மைக் கூற்றாக எழுத அவா எழும். ஆற்றலளித்தல் என இதற்குப் பெயரிடலாம். ஆயின், சொல்லாத சொல்லைத் துன்புற்றார் வாயில் இடுதல் அவர்க்கு இரண்டாவது இழப்பேயாம். உ. வே. சாமிநாதையர் 1894-இற் பதிப்பித்த புறநானூற்றிற் சிதைந்த இடங்களைத் தாமே பாடி நிரப்பினாரல்லர். அவ்வடக்கம் இங்கும் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது இது, இன்னார் மொழிபெயர்த்தது, இவ்விடத்து மூலச்சொல் அறியப்படவில்லை என்று குறித்து, படர்க்கையிலேயே தருதல் தகும்.

வழித்தோன்றல்களோடு கலந்தே இவற்றை வெளியிடுதல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், ஒரு பெண் தன் தோட்டக் கண்காணிமீது கொடுத்த முறையீட்டை அச்சிடலாம் என ஒரு பேரனும், குடும்ப மானம் கருதி மறைக்க என மற்றொரு பேரனும் கூறின், அவள் அதிகாரியின் முன் சென்று முறையிட்டாள் என்பதனையே நாம் முதற்கண் எண்ணுவோம்.